கரையே தெரியாத அந்த ஒரு நாள்: கப்பல் பயணம் போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

காரைக்குடியிலிருந்து:

கப்பலில் போய் வந்தவர்கள் எல்லாரும் இறங்கிய ஊர்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எங்கும் நிற்காமல் நாள் முழுக்கக் கடலிலேயே ஓடும் நாளைப் பற்றிப் பேச்சே இல்லை. பயணத்தில் எனக்கு மனசு நிறைந்தது அந்த நாளில்தான், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பியின் ஏற்பாடு. அப்பச்சி (அப்பா), ஆத்தா (அம்மா), நான், தம்பி குடும்பம். பினாங்கில் இறங்கி தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டோம். புக்கெட்டில் வெயில், கூட்டம், அவ்வளவுதான். அங்கிருந்து சிங்கப்பூர் திரும்பும் வழியில் ஒரு முழு நாள் கடல். "பொழுதன்னைக்கும் கப்பலுக்குள்ளயே என்ன பண்றது?" என்று ஆத்தா முந்தின ராத்திரியே கவலைப்பட்டார்கள்.

காலையில் நானும் அப்பச்சியும் மேல்தளத்துக்குப் போனோம். நீச்சல் குளத்தில் இன்னும் யாரும் இறங்கவில்லை. கப்பல் ஆடுவது நம் காலுக்குத் தெரியாது, குளத்துத் தண்ணீருக்குத் தெரிகிறது. மொத்தத் தண்ணீரும் ஒரு பக்கம் சாய்ந்து விளிம்பைத் தொட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறு பக்கம் போகிறது. அப்பச்சி அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், கண்ணுக்கு எவ்வளவு தூரம் தெரியும் என்று கேட்டார். முப்பது மீட்டர் உயரத்தில் நின்றால் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வரைக்கும் தெரியும். அத்தனை தூரத்துக்கும் நாலா பக்கமும் தண்ணீர்தான்.

மதியத்துக்கு மேல் மலாக்கா நீரிணை நெருக்கமாகிறது. அங்கே கப்பல்களுக்குப் போக ஒரு பாதை, வர ஒரு பாதை என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். நம் சாலைக்கு நேர்மாறாக, வலப்பக்கமாகவே போக வேண்டும். அதனால் சிங்கப்பூர் நோக்கி வரும்போது எதிரே வருகிற கப்பல்களெல்லாம் நமக்கு இடப்பக்கமாகக் கடந்து போகும். பால்கனி அறை எடுப்பவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி பெட்டியாக அடுக்கிய சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஓர் அம்மாவைப் பற்றி. தேநீர் வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தபோது பக்கத்து நாற்காலியில் இருந்தார். அப்பச்சியின் வேட்டியைப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஊர்லேருந்து வரீங்களா?" என்றார். காரைக்குடிப் பக்கம் என்றதும், "செட்டியார் வீடா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மலேசியாவில் பேராக் பக்கம் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். கடைக்கு முதல் போட்டது செட்டியார் கிட்டங்கியில், அதாவது வட்டிக்கடையில், வாங்கிய கடன். வட்டி கட்டப் போகும்போதெல்லாம் அப்பா இவரையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். தரையில் பாய், அதன்மேல் தாழ்வான மரப்பெட்டி, அதன் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் செட்டியார். கணக்கு முடிந்ததும் பெட்டியைத் திறந்து குழந்தைக்கு ஒரு கை கற்கண்டு.

அப்பச்சி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஐயாவும் (தாத்தா) பினாங்கில் அப்படி ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது பொறுப்பாளருக்கு உதவியாளாக, இருந்தவர். மூன்று வருஷக் கணக்கு முடித்து ஊருக்கு வந்து, மறுபடியும் கொண்டுவிக்க, அதாவது அக்கரைத் தொழிலுக்கு, கப்பல் ஏறிப் போவார். அந்தப் பெட்டியடியைப் பற்றி அப்பச்சி இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. வீட்டில் கேட்டால், "அதெல்லாம் பழைய கதை" என்று எழுந்து போய்விடுவார். அன்றைக்கு எழுந்து போக இடமும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை, போனில் சிக்னலும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குத் தம்பி வந்து கூப்பிட்டும் இருவரும் அசையவில்லை.

போன் விஷயம் ஒன்று. கரையை விட்டு விலகியதும் அது கப்பலின் சொந்த நெட்வொர்க்கைப் பிடிக்கும், கட்டணம் தாறுமாறாக ஏறும். ஏறியவுடனே விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள்.

வயசான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் தினம் ஒரு துறைமுகம் என்று திட்டம் போடாதீர்கள். கடல் நாள் ஒன்றாவது கட்டாயம் இருக்கட்டும்.

தேவகோட்டையிலிருந்து:

படிக்கும்போதே எங்கள் அப்பத்தா ஞாபகம். சின்ன வயசில் ரஜுலா கப்பலில் போனவர்கள். 1926-இல் கட்டிய கப்பல், 1973 வரைக்கும் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடியது. நாகையில் பெரிய கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏற வேண்டும். தளப் பயணிகளுக்கு அறை கிடையாது. டிரங்குப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். இடத்தை விட்டு எழுந்தால் இன்னொருவர் பாயை விரித்துவிடுவார் என்பதால், அவர்களுடைய ஆத்தா எழுந்து போய்க் கடலைப் பார்த்ததே இல்லையாம்.

நான் போனபோது கப்பலின் வெளித்தளத்தில் ஒரு முழுச் சுற்று நடந்தேன். பின்பக்கம் நின்று, கப்பல் விட்டுப் போகும் வெள்ளைத் தடத்தைப் பார்த்தேன். அந்தக் கொள்ளுப்பாட்டி பார்க்காமல் விட்ட கடல் அல்லவா, அழுகை வந்துவிட்டது. அன்றைக்கு நடந்த ஆட்டம் பாட்டு எதற்கும் போகவில்லை.

கண்டனூரிலிருந்து:

எனக்கு வாய்த்தது வங்காள விரிகுடா. சென்னையில் ஏறிக் கடலுக்குள் போய்த் திரும்பும் கப்பல், வடகிழக்குப் பருவமழை நேரம். நல்ல ஆட்டம். ஆச்சிக்கு வாந்தி நிற்கவில்லை. அங்கே வேலை செய்யும் இராமநாதபுரத்துப் பையன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, அறைக்குள்ள படுத்திருக்காதீங்க, நடுத்தளத்துக்கு வந்து வெளியே பாருங்க" என்றான். பச்சை ஆப்பிளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து கொடுத்தான். கடல் வானத்தைத் தொடும் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்ததில் சாயங்காலத்துக்குள் தேறிவிட்டார்கள். பையன் வேலை முடிந்தும் ஒரு தரம் வந்து விசாரித்தான்.

காரணம் இதுதான்: கப்பல் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி அதிகம் அசைவதில்லை, உயரம் குறையக் குறையப் பக்கவாட்டு ஆட்டமும் குறையும். எங்களுக்குக் கிடைத்ததோ மேல்தளத்தில் முன்கோடி அறை. ஜனவரிக்கு மேல், ஏப்ரலுக்குள் போனால் கடல் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். கீழ்த்தளத்தில் நடு அறையாகப் பார்த்து, அறை எண்ணைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அறையை நாங்களே ஒதுக்குவோம் என்று விலை குறைத்துத் தரும் சீட்டில் அப்படிக் கேட்க முடியாது.