பிணிப்பதும் தோய்வதும்: ‘இம்மர்சிவ்’ என்பதற்கு ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

பார்ப்பவரையோ கேட்பவரையோ தனக்குள் முழுமையாக அமிழ்த்திக்கொள்வதைக் குறிக்கும் ‘இம்மர்சிவ்’ (immersive) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் காணும் நம் விவாதத்தில் ‘ஈர்க்கும்’, ‘கவரும்’, ‘ஆழ்த்தும்’ என மூன்று சொற்கள் இதுவரை முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றை எடைபோடும் முன், நாம் வாளாவிருந்த காலத்தில் அவ்விடத்தில் வந்து அமர்ந்துகொண்ட ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். மெய்நிகர்க் கண்ணாடிகளையும் கணினி விளையாட்டுகளையும் விற்கும் பக்கங்களை இயந்திரம் மொழிபெயர்க்கும்போது, இச்சொல் ‘அதிவேக’ என்று வந்து விழுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘அதிவேக அனுபவம்’ என்று படிப்பவர் அக்கருவி விரைந்து இயங்கும் என்று எண்ணிக்கொள்வாரே தவிர, தம்மைச் சுற்றியுள்ள உலகையே அது மறக்கச் செய்யும் என்று எண்ண வழியில்லை.

ஒரே சொல்லைத் தேடுவதுதான் நம் விவாதத்தின் சிக்கல் என்று எனக்குப் படுகிறது. மனத்தை முழுமையாக ஆட்கொள்வதைக் குறிக்க ஆங்கிலத்தில் உள்ள சொற்கள் இரண்டு வேறு உருவகங்களிலிருந்து பிறந்தவை. ‘கிரிப்பிங்’ கையின் பிடியிலிருந்தும், ‘ரிவெட்டிங்’ தகடுகளைச் சேர்த்து அறையும் ஆணியிலிருந்தும், ‘கேப்டிவேட்டிங்’ சிறைப்பட்டவனிடமிருந்தும், ‘என்த்ராலிங்’ அடிமையைக் குறித்த ஒரு பழஞ்சொல்லிலிருந்தும் வந்தவை. ‘மெஸ்மரைசிங்’ என்பதோ மெஸ்மர் என்ற மருத்துவரின் பெயர். அவருடைய காந்தச் சிகிச்சைக் கொள்கையைப் பெஞ்சமின் பிராங்க்ளின் உள்ளிட்ட அறிஞர் குழு 1784இல் பாரிசில் ஆராய்ந்து ஆதாரமற்றது என்று தள்ளிய பிறகும், சொல் மட்டும் பிழைத்துக்கொண்டது. இவை அனைத்திலும் நாம் காணும் அல்லது கேட்கும் பொருள் நம்மைப் பிடிக்கிறது. ‘இம்மர்சிவ்’ அப்படிப்பட்டதன்று. நீரில் அமிழ்த்துதல் என்ற இலத்தீன் வினையின் வழிவந்த அச்சொல்லில், நாம்தான் பொருளுக்குள் போகிறோம்.

முன்மொழிந்த மூன்றையும் இந்த நோக்கில் பார்ப்போம். ‘ஈர்ப்பு’ ஒரு கணத்துக்கு உரியது. சட்டமன்றத்தில் கொண்டுவரப்படும் கவன ஈர்ப்புத் தீர்மானம் அமைச்சரின் கவனத்தை ஒரு பொருளின்பால் திருப்புகிறது. அங்கேயே நிறுத்திவைப்பதாக அச்சொல் உறுதி கூறவில்லை. ‘கவர்தல்’ பற்றுதலையும் கொள்ளுதலையும் உணர்த்தும் நல்ல பழஞ்சொல்தான், ஆயினும் ‘கவர்ச்சி’ என்பதைத் திரையுலகம் எந்த வகை நடனத்துக்கு அடைமொழியாக்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். அதை மீட்டெடுக்கும் வேலையைக் கலைச்சொல்லாக்கத்தின் தலையில் கட்ட வேண்டியதில்லை. மூன்றாவதான ‘ஆழ்த்தும்’ முதற்பார்வைக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் நாளிதழ்த் தமிழ் அதைச் சோகத்தோடும் அதிர்ச்சியோடும் இறுக்கிக் கட்டிவிட்டது. ‘ரசிகர்களை ஆழ்த்திய படம்’ என்று எழுதினால், எதில் ஆழ்த்தியது என்ற கேள்விக்குப் படிப்பவர் மனத்தில் முதலில் எழும் விடை ‘துயரத்தில்’ என்பதாகவே இருக்கும்.

நம்மிடம் சொல் இல்லை என்பதும் முழு உண்மையன்று. வைத்த கண் வாங்காமல், மெய்ம்மறந்து, சொக்கிப்போய் என்று எத்தனையோ உண்டு. அவை யாவும் ஆட்பட்டவரின் நிலையைச் சொல்கின்றன. ஆட்கொண்ட பொருளின் தன்மையைச் சொல்லவில்லை. இது பழைய வழக்கந்தான். அகநானூற்றின் 102ஆம் பாடலில் கொடிச்சி, அதாவது மலைநிலப் பெண், குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள். தினை மேய வந்த களிறு ‘குரலும் கொள்ளாது நிலையினும் பெயராது’ நிற்கிறது. கதிரைத் தின்னவும் இல்லை, நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை. பாட்டு எப்படி இருந்தது என்பதற்குக் கவிஞர் ஓர் அடைமொழிகூடத் தரவில்லை. யானையைக் காட்டினால் போதும் என்று விட்டுவிட்டார். அது கடைசியில் உறங்கிப்போகிறது என்பதை நம் கருத்துக்கு எதிரான சான்றாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கவிதைக்கு இது போதும். ஒரு பொருளை வகைப்படுத்த வேண்டிய கட்டுரையாளருக்கு அடைமொழி வேண்டும்.

முதல் உருவகத்துக்கு, அதாவது நம்மைப் பிடித்துவைக்கும் கதை, பேச்சு, ஆட்டம் ஆகியவற்றுக்கு, ‘பிணிக்கும்’ என்பதை முன்வைக்கிறேன். ‘கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்’ என்று தொடங்கும் 643ஆம் குறளே இதற்குத் துணை. உரையாசிரியர் பரிமேலழகர் அங்கே கேட்டார் என்பதை நட்பாய் ஏற்றுக்கொண்டவர் என்று கொண்டு அமைச்சரின் சொல்வன்மைக்குள் பொருளை நிறுத்துகிறார் என்றாலும், சொல்லால் மனத்தைக் கட்டுவது என்ற உருவகம் மாறவில்லை. பேச்சுவழக்கில் ‘ஆளைக் கட்டிப்போட்டுவிட்டது’ என்கிறோமே, அதன் எழுத்து வடிவம் இது. பிணி என்றால் நோயாயிற்றே என்று ஒருவர் கேட்கக்கூடும். பெயர்ச்சொல்லாக ‘பிணிப்பு’ என்றே ஆண்டால் அந்த ஐயம் எழாது.

நாமே பொருளுக்குள் போகும் இரண்டாவது உருவகத்துக்கு ‘தோய்’ என்ற வேரைப் பரிந்துரைக்கிறேன். நீரில் தோய்தல் மட்டுமன்றி, கலந்து ஒன்றாதலும் அதன் பொருள். பால் தோய்ந்து தயிராகிறது, தோய்ந்தது தன் இயல்பு மாறி வெளிவருகிறது. கனடாவில் மாண்ட்ரியல் அருகேயுள்ள செயின்ட் லாம்பர்ட்டில் 1965இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்குத் தொடக்கம் முதலே பிரெஞ்சு வழியில் கற்பித்த முறையும் இதே ஆங்கிலச் சொல்லின் பெயர்வடிவான ‘இம்மர்ஷன்’ என்பதால்தான் வழங்குகிறது. அதைப் ‘பிணிப்புக் கல்வி’ என்றால் குழந்தைகளைக் கட்டிவைத்ததுபோல் ஆகும். ‘தோய்கல்வி’ என்றால் நடந்தது விளங்கும்.

‘தோய்வு’ என்று தொழிற்பெயராக்காமல் வினைத்தொகையாகவே வைத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. ஒரு கொம்பு மாறினால் அது ‘தொய்வு’ ஆகிவிடும். ‘தோய்வுள்ள கதை’ என்று எழுதியது ‘தொய்வுள்ள கதை’ என்று அச்சானால், பாராட்டு பழியாக முடியும். தோய்காட்சி, தோய்விளையாட்டு, தோய்கல்வி ஆகியவற்றில் எழுத்துப்பிழை நேர்ந்தாலும் பொருள் தலைகீழாகாது. ‘தோய்க்கும்’ என்ற பெயரெச்சத்தையும் தவிர்க்கலாம். அது துணியையும் வாளியையும் நினைவூட்டும்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் மட்டும் ஒரு கேள்வி. உங்கள் பேச்சில் தோய்தல் என்பது தலைமுழுகிக் குளிப்பதல்லவா? ‘தோய்காட்சி’ என்று ஓர் அரங்கின் வாயிலில் எழுதி வைத்தால் அது உங்கள் காதுக்குக் குளியல் காட்சியாக ஒலிக்குமா? ஒலிக்கும் என்றால் காட்சியை விடுத்துத் ‘தோய்வெளி’ என்று வைத்துக்கொள்வதில் எனக்கு மறுப்பில்லை.