ஜூலையில் ஒரு வாரம், அம்மா அப்பாவுடன்: கால்வாய்ப் படகா, நார்ஃபோக் பிராட்ஸா?

நாணல்காடு கேட்டது:

வணக்கம். நாங்கள் ரெடிங்கில் இருக்கிறோம். ஜூலை இரண்டாம் வாரம் அம்மாவும் அப்பாவும் எங்களோடு இருப்பார்கள். அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. அம்மாவுக்கு மூட்டுவலி, படி ஏறுவது சிரமம். லண்டனைப் போன முறையே சுற்றியாயிற்று. இந்த முறை கிராமம், தண்ணீர், கொஞ்சம் கடல் என்று ஆசைப்படுகிறார்கள். கென்னட் அண்ட் ஏவன் கால்வாய் எங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறது, நேரோபோட் என்கிற ஒடுங்கிய கால்வாய்ப் படகு எடுத்து நான்கு நாளில் பாத் நகரம் போய்விடலாம் என்கிறார் கணவர். எனக்கு ஏரிகளும் ஆறுகளும் நிறைந்த நார்ஃபோக் பிராட்ஸ் பகுதிமேல் ஒரு கண். போய் வந்தவர்கள் சொல்லுங்களேன்.

ஓடத்துறை:

வணக்கம் தோழி. ஒன்பது வருடமாக நார்ஃபோக்கின் நாரிச் நகரில் இருக்கிறேன், அதனால் நான் எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனால் கால்வாயிலும் போயிருக்கிறேன்.

முதலில் கணக்கு. ரெடிங்கிலிருந்து பிரிஸ்டல்வரை அந்தக் கால்வாய் 87 மைல், நூற்றுக்கு மேல் லாக்குகள், அதாவது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள். மணிக்கு 4 மைலுக்கு மேல் ஓட்டக் கூடாது. நான்கு நாளில் பாத் போய்ச் சேர முடியாது. நடுவில் டெவைஸஸ் ஊரில் கேன் ஹில் இருக்கிறது. இரண்டே மைலில் 29 லாக், அதில் 16 ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே வரிசையில் மலையேறும். கீழே நின்று பார்க்கும்போது மனம் நிறைந்துவிடும். கடக்கும்போது உடம்பு வேண்டும். ஒவ்வொரு லாக்கிலும் கரையில் இறங்கி, விண்ட்லாஸ் என்கிற இரும்புக் கைப்பிடியால் மடையைத் திறந்து, தண்ணீர் நிரம்பும்வரை காத்திருந்து, கதவோடு சேர்ந்த நீண்ட உத்தரத்தை முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். பன்னிரண்டாவது லாக்கில் என் மனைவியின் மணிக்கட்டு வீங்கிவிட்டது. படகில் இருக்கும் எல்லோருக்கும் வேலை இருக்கும் பயணம் அது. பெரியவர்களை உட்கார வைத்து நிதானமாகக் காட்டுவதற்கு ஏற்றதில்லை.

பிராட்ஸில் 125 மைலுக்குமேல் படகு ஓடும் தண்ணீர் இருக்கிறது, ஒரு லாக் கிடையாது. அந்த ஏரிகள் எல்லாம் மனிதர் வெட்டியவை. இடைக்காலத்தில் அடுப்பெரிக்கப் பீட் என்ற எரியும் சதுப்பு மண்ணை வெட்டி எடுத்த குழிகள், 14ஆம் நூற்றாண்டில் நீர்மட்டம் ஏறியபோது மூழ்கிப்போயின. இயற்கையாக உண்டானவை என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1950களில் ஜாய்ஸ் லாம்பெர்ட் என்ற தாவரவியலாளர் மண்ணைத் துளைத்துப் பார்த்து, ஓரங்கள் செங்குத்தாக இறங்குவதைக் கண்டுபிடித்தார். போன கோடையில் என் மாமனாரிடம் இதைச் சொன்னபோது, படகு ஓரத்தில் குனிந்து வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவும் மண்வெட்டியாலா?" என்று இரண்டு தடவை கேட்டார். கிணறு வெட்டிய குடும்பம் அவருடையது.

என் யோசனை: படகில் தூங்க வேண்டாம். இரவில் குறுகிய படிகளில் ஏறி இறங்குவது அம்மாவுக்கு ஆகாது. லட்ஹம் அல்லது ஹார்னிங் பக்கம் தரைத்தளத்தில் படுக்கையறை உள்ள வீடு எடுங்கள். இரண்டு நாளுக்கு மட்டும் ராக்ஸமில் பகல்நேரப் படகு வாடகைக்கு எடுங்கள். மின்சாரப் படகும் கிடைக்கும். அதில் போனால் நாணலுக்குள் பறவை கூப்பிடுவது காதில் விழும். பதிவு செய்யுமுன் விளிம்பு எவ்வளவு உயரம், கரையிலிருந்து எப்படிக் கால் வைத்து ஏறுவது என்று கட்டாயம் கேளுங்கள்.

ராக்ஸமிலிருந்து ரான்வொர்த் போக ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வலப்பக்கமாகவே ஓட்டுங்கள், பாய்மரப் படகு வந்தால் வழிவிடுங்கள். ரான்வொர்த் தேவாலயக் கோபுரத்துக்கு 89 படி, அதற்குமேல் இரண்டு ஏணி. அப்பாவே ஆசைப்பட்டாலும் யோசித்து விடுங்கள். அம்மாவுக்கு ஒன்றும் குறைவில்லை, 15ஆம் நூற்றாண்டில் வண்ணம் தீட்டிய மரத்தடுப்பு கீழேதான் இருக்கிறது. புனிதர்களின் உடையில் பூவேலை இன்னும் தெரிகிறது. என் மாமியார் அதன் எதிரே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

இன்னொரு நாள் செயின்ட் பெனட்ஸ் மடம். இடிந்த மடத்தின் வாசலுக்குள்ளேயே பிற்காலத்தில் ஒரு காற்றாலையைக் கட்டிவிட்டார்கள். சுற்றிலும் மாடு மேய்கிற சமவெளி. நாரிச் பிஷப் இன்றும் அந்த மடத்துக்குத் தலைவர். ஆகஸ்ட் முதல் ஞாயிறன்று வெர்ரி என்ற பழைய சரக்குப் பாய்மரப் படகில் வந்து வழிபாடு நடத்துவார். உங்கள் தேதிக்கு அது அமையாது, அதில் எனக்கு வருத்தம்தான்.

அந்திவானம்:

ஓடத்துறை சொன்னதோடு ஒன்று. ஜூலை இரண்டாம் வாரம் என்றால் சுவாலோடெய்ல் பட்டாம்பூச்சியின் கடைசி நாட்கள். பிரிட்டனில் அது வாழ்வது நார்ஃபோக் பிராட்ஸில் மட்டுமே, ஏனென்றால் புழு தின்பது மில்க் பார்ஸ்லி என்ற ஒரே சதுப்புச் செடியை. ஹிக்லிங் அல்லது ஹவ் ஹில் போங்கள். வெயிலும் வேண்டும், காற்றும் அடங்கியிருக்க வேண்டும். அது திஸில் என்ற முட்செடியின் பூவில் வந்து உட்காரும்வரை பொறுத்தால் போதும், துரத்த வேண்டாம்.

நாணல்காடு:

இருவருக்கும் மிக்க நன்றி. கணவருக்குப் படித்துக் காட்டினேன். 29 லாக் என்றதும் சரி, கேன் ஹில்லை நடந்துபோய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். கடலுக்கு எங்கே போவது? அப்பா மணலில் கொஞ்ச தூரம் நடப்பார்.

ஓடத்துறை:

ஒரு நாள் ஹேஸ்ப்ரா என்ற கடலோரக் கிராமத்துக்குப் போங்கள். ஆங்கிலத்தில் 'ஹாப்பிஸ்பர்க்' என்று எழுதியிருக்கும், அப்படிக் கேட்டால் யாருக்கும் புரியாது. 1790இல் கட்டிய சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம் அங்கே இருக்கிறது. அந்தக் கரை களிமண்ணும் மணலுமானது, கடல் தின்றுகொண்டே வருகிறது. வீடுகளே போயிருக்கின்றன. அதே அரிப்புதான் 2013இல் எட்டு லட்சம் ஆண்டுக்கு முந்தைய மனிதக் காலடிகளை வெளியே காட்டியது. இரண்டு வாரத்துக்குள் அலை அவற்றையும் எடுத்துப் போய்விட்டது. குன்றின் விளிம்பில் நிற்காதீர்கள், கீழே அடியிலும் உட்காராதீர்கள்.

அப்பாவின் நடைக்கு ஹோர்ஸி கடற்கரை நல்லது, கடல்நாய்கள் தலை நீட்டும். அம்மாவுக்கு குரோமர். பாலம்போலக் கடலுக்குள் நீளும் பியர், சமதரை, உட்கார இடமும் உண்டு. நண்டு சாப்பிடுவார்கள் என்றால் அங்கேதான் சாப்பிட வேண்டும்.

பள்ளி விடுமுறை தொடங்கும் முன்பு வருகிறீர்கள், அது நல்லது. ஆனாலும் படகை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். வெயில் அடித்தாலும் தண்ணீர்மேல் காற்று குளிரும், அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வையுங்கள்.