கலைச்சொல் தேவை: பழைய கேஸ் (எரிவாயு) குத்தகை (ஞாயித்துக்கிழமைக்குள்ள)

பிட்ஸ்பர்க்:
வணக்கம். பென்சில்வேனியால வீடு வாங்குற நம்மாளுங்களுக்கு தமிழ்ல ஒரு கையேடு போடுறோம், ஞாயிறு பிரிண்டுக்குப் போகணும். இங்க பல வீட்டுல மேல்மண்ணு மட்டும்தான் நம்ம பேர்ல, அடியில இருக்கிறத எப்பவோ வித்தவர் யாரோ தனக்குன்னு பிரிச்சு வச்சிருப்பார், அதுமேல தாத்தா காலத்து கேஸ் குத்தகை வேற. முதல்ல இத்தனை வருஷம்னு கெடு, அதுக்குள்ள கிணறு ஓட ஆரம்பிச்சா பிறகு உற்பத்தி இருக்கிறவரைக்கும் குத்தகை தானா நீளும். இந்த ரெண்டாம் கட்டத்துக்கு ஒரு சொல் வேணும். நான் போட்டது 'உற்பத்திப் பிடிப்பு'.

கோவை:
பிடிப்புன்னா இடுப்புப் பிடிப்புதான் ஞாபகம் வருது தம்பி. 'கறவைக் குத்தகை'ன்னு வைங்க. கறக்குறவரைக்கும் மாடு அவன் கொட்டில்ல.

மதுரை:
ஐயா, சட்டக் கையேட்டுல மாடா? 'வற்றுங்காறும் குத்தகை' போதும். அடியில இருக்கிறதுக்கு 'கனிம உரிமை'. பழைய சாசனத்துல நிதி, நிக்ஷேபம், ஜலம், தரு, பாஷாணம்னு அடுக்குவாங்க, அதுல நிக்ஷேபம்னா ஒருத்தர் புதைச்சு வச்சது, எண்ணெயை யாரும் புதைக்கல, அதனால அது ஆகாது. பாஷாணம் கல்லு, கேஸ் அடைஞ்சு கிடக்குற ஷேல் பாறையும் கல்லுதான், ஆனா கேஸ் கல்லா? ராயல்டிக்கு, அதாவது எடுக்கிற கேஸ்ல உரிமைக்காரருக்குப் போற பங்குக்கு, 'மேல்வாரம்' இருக்கவே இருக்கு, விளைச்சல்ல நிலக்காரர் பங்கு.

பிட்ஸ்பர்க்:
ஐயா, கிணறு வத்தணும்னு இல்ல. செலவு போக கொஞ்சம் நின்னாலே குத்தகை உசுரோட இருக்கும், நிக்கலேன்னா கிணத்துல கேஸ் இருந்தும் குத்தகை ஆட்டம் காணும். 'கனிமம்' இன்னும் ஆபத்து. 1882 டன்ஹாம் வழக்குலேருந்து இங்க பத்திரத்துல வெறுமனே கனிமம்னு எழுதியிருந்தா எண்ணெயும் கேஸும் அதுல சேராதுன்னுதான் கோர்ட் எடுத்துக்கும், சேர்க்கத்தான் எழுதினாங்கன்னு தெளிவா நிரூபிச்சா ஒழிய. 2013ல மார்செல்லஸ் ஷேல் விவகாரத்துலயும் மாநில சுப்ரீம் கோர்ட் அதையேதான் சொல்லுச்சு. மேல்வாரம் ஆசையா இருக்கு, 1979 சட்டப்படி எட்டுல ஒரு பங்குக்குக் குறையக்கூடாது, ஆனா மேல குடியிருக்கிறவனுக்குத்தான் வாரம்னு படிச்சுடுவாங்க. அடிமண்ணு அவனுது இல்லேன்னா ஒத்தக் காசு வராது.

சென்னை:
அப்ப 'கட்டுபடிக் குத்தகை'. கட்டுபடியாகுறவரைக்கும் ஓடும், ஆகலேன்னா போயிடும். படிக்கிறவங்களுக்கு உடனே புரியும்.

மதுரை:
கட்டுபடி கொச்சை அம்மா.

சென்னை:
கடைவீதியில அத்தனை பேரும் பேசுறது எப்படி ஐயா கொச்சையாகும்? வற்றுங்காறும்னு எந்தப் பத்திர ஆபீஸ்ல கேட்டீங்க?

கோவை:
கறவையை விட மனசில்ல. சரி, கட்டுபடிக்கே என் ஓட்டு.

பிட்ஸ்பர்க்:
அப்ப 'கட்டுபடிக் குத்தகை', 'எண்ணெய்-எரிவாயு உரிமை'. ராயல்டியை ராயல்டின்னே விட்டுட்டேன், கோவிச்சுக்காதீங்க.

மதுரை:
என் மறுப்பைக் குறிச்சுக்குங்க. நிக்ஷேபத்துக்குத் தனி இழை தொடங்குறேன்.