சூலக முறுக்கமா, சூலகத் திருகலா?

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். பிள்ளை பெற்ற தாய்மாருக்கான தமிழ்க் கையேட்டில் ஒரு சொல் இடிக்கிறது. கருமுட்டை தரும் சூலகம் தன் காம்பில் சுற்றிக்கொள்ளும் 'ஓவேரியன் டார்ஷன்' என்பதைச் 'சூலக முறுக்கம்' என்று போட்டிருக்கிறோம். அகராதிப்படி சரிதான். ஆனால் நம் மலேசியத் தோட்டப்புறத்தில் 'வயிறு முறுக்குது' என்று எதற்குத்தான் சொல்வதில்லை! வயிற்றுப்போக்குக்கும் அதுதான், பால் கொடுக்கும்போது கருப்பை சுருங்கி வலிக்கிறதே, அந்தப் பின்வலிக்கும் அதுதான். வீட்டுக்கு வரும் மிஸ்ஸியிடம் (தாதியிடம்) 'முறுக்குது' என்றால் பாரசிட்டமாலோடு பேச்சு முடிந்துவிடும்.

'சூலகத் திருகல்' என்று மாற்றலாமா என்று பார்க்கிறேன். 'சூலகக் குருதித்தடை' என்றும் ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. உங்கள் கருத்து?

தாப்பாவிலிருந்து:

அக்கா, முறுக்கத்தை விட்டுவிட வேண்டாம். குடல் முறுக்கம், விரை முறுக்கம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம். சூலகத்துக்கு மட்டும் 'திருகல்' என்று தனிச்சொல் எதற்கு? அதைக் கேட்டாலே எனக்குத் தேங்காய்த் திருகல்தான் நினைவுக்கு வருகிறது. (முறுக்கு மட்டும் தின்பண்டம் இல்லையா என்று கேட்டுவிடாதீர்கள்.)

எனக்கு உறுத்துவது 'சூலகம்'தான். பத்திரிகை படிப்பவர்களுக்குச் சினைப்பை என்றால்தான் தெரியும். 'சினைப்பை நீர்க்கட்டி' வீடுவீடாகப் போய்விட்டது. சூலகத்தைச் சூலையோடு குழப்பிக்கொள்ளும் பெரியவர்களும் உண்டு. அப்பருக்கு வந்தது வேறு வலி.

ஈப்போவிலிருந்து:

குருதித்தடை கூடவே கூடாது. சூலகம் காம்பில் சுற்றிக்கொள்ளும்போது முதலில் நசுங்குவது சுவர் மெல்லிய சிரையும் நிணக்குழாயும். தமனியின் சுவர் தடித்தது, அது தாக்குப்பிடிக்கும். உள்ளே வரும் இரத்தம் வெளியேற வழியில்லாமல் சூலகம் வீங்குகிறது. வீக்கம் முற்றிய பிறகே தமனியும் அடைபடும். அதோடு சூலகத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் இரத்தம் வருகிறது: பெருந்தமனியிலிருந்து நேராக ஒன்று, கருப்பைத் தமனியின் கிளையாக ஒன்று. அதனால் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டம் தெரிந்தாலும் இந்த நோய் இல்லை என்று சொல்ல முடியாது. 'தடை' என்று பெயர் வைத்தால், ஓட்டத்தைப் பார்த்தவர் நோயில்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஏன் வருகிறது என்பதையும் கையேட்டில் சேருங்கள். வளரும் கருப்பை சூலகங்களையும் மேலே தூக்கிக்கொண்டு போகிறது. பேறு முடிந்தவுடன் அதன் எடை ஏறத்தாழ 1 கிலோ. ஒரு வாரத்தில் பாதியாகிறது. 6 வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே. கருப்பை விறுவிறுவென்று இறங்கிவிடும், இழுபட்டு நீண்ட இணைப்புநார்கள் அவ்வளவு வேகமாக இறுகாது. காலியான இடத்தில் தளர்ந்த காம்பில் தொங்கும் சூலகம் புரள்கிறது. அதில் 5 செ.மீ.க்கு மேல் கட்டியும் இருந்தால் வாய்ப்பு கூடும். இடப்பக்கத்தில் பெருங்குடலின் கடைசி வளைவு இடத்தை அடைத்துக்கொள்வதால், வலப்பக்கத்தில்தான் அதிகம் வருகிறது. குடல்வால் என்று தவறாக எண்ணுவதும் அதனால்தான்.

பின்வலி நடுவயிற்றில் வரும், பால் கொடுக்கையில் கூடும், இரண்டு மூன்று நாளில் அடங்கும். இதுவோ திடீரென்று, ஒரு பக்கமாக, குமட்டல் வாந்தியோடு வரும். பாதி அவிழ்ந்தால் வலி விடும், மறுபடி சுற்றினால் திரும்பும். 'வலி விட்டுவிட்டது' என்று வீட்டிலேயே இருந்துவிடுவது இந்த இடைவெளியில்தான். தொடக்கத்தில் காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது. காய்ச்சலும் நாற்றமுள்ள கசிவும் சேர்ந்தால் கருப்பைத் தொற்றையும் நினைக்க வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். கயிறு முறுக்குகிறோம், புரியும் புரியும் சேர்ந்து வலுவாகிறது. கொய்யாவைத் திருகுகிறோம், காம்பு நெரிந்து காய் கையோடு வருகிறது. இங்கே நடப்பது இரண்டாவது. என் ஓட்டு திருகலுக்கு. அறுவையில் செய்வது 'திருகவிழ்ப்பு'. கருநீலமாகத் தெரியும் சூலகமும் அவிழ்த்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வதால், 'அழுகல்' என்ற ஒட்டு எங்கும் வேண்டாம்.

சுங்கை சிப்புட்டிலிருந்து:

அப்படியானால் சொற்பட்டியலில் 'சூலகத் திருகல்', கையேட்டில் 'சினைப்பைத் திருகல்'. தாப்பா அண்ணன் கோபித்துக்கொள்ளாமல் இருக்க, பட்டியலில் 'முறுக்கம் எனவும் வழங்கும்' என்று ஒரு வரி போட்டுவிடலாம். கையேட்டு வாசகம் இது:

"ஒரு பக்க அடிவயிறு திடீரென்று வலித்து வாந்தியும் வந்தால், பெங்குங் கட்டை (வயிற்றைச் சுற்றிக் கட்டிய துணியை) அவிழ்த்துவிடுங்கள். வயிற்றை உருவிவிட வேண்டாம்; உருவினால் திருகல் அவிழாது, நேரம்தான் போகும். எதுவும் சாப்பிடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். 'இடது பக்கம்' அல்லது 'வலது பக்கம்' என்று சொல்லிக் காட்டுங்கள்."

ஸ்கேனில் காம்பின் இரத்தக் குழாய்கள் நீர்ச்சுழிபோல் சுருண்டு தெரியும் அடையாளத்துக்குச் 'சுழிக்குறி' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு உண்டா?