வயர்லெஸ் சார்ஜரில் வைத்தால் போன் கொதிக்கிறது, பாதியில் சார்ஜ் நின்றுவிடுகிறது: உதவி தேவை

காசிமேட்டுக்காரன் | இரவு 10:52

அனைவருக்கும் வணக்கம். வயர்லெஸ் சார்ஜரில் போனை வைத்தால் சிறிது நேரத்திலேயே கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சூடாகிவிடுகிறது. வெப்பம் குறைந்த பிறகு சார்ஜ் தொடரும் என்று திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது, அத்துடன் சார்ஜ் நின்றுவிடுகிறது. இரவு முழுவதும் வைத்திருந்தாலும் கிளம்பும்போது பாதிதான் ஏறியிருக்கிறது. விடியற்காலை ஏலத்துக்குப் போகிறவன் நான். விலை கேட்பதும் பணம் வாங்குவதும் போனில்தான். சூடாகாமல் சார்ஜ் செய்ய வழி தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பெரம்பூர் ஆசிரியை | இரவு 11:04

வணக்கம் தம்பி. இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் சரியான விடை சொல்ல முடியாது. சார்ஜரின் அடிப்பக்கத்தில் எத்தனை வாட் என்று அச்சிடப்பட்டிருக்கிறது, அதை எந்த அடாப்டரில் செருகியிருக்கிறீர்கள், போனுக்குப் பின்உறை போட்டிருக்கிறீர்களா, இரவில் அதை எங்கே வைக்கிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். போன் எந்த நிறுவனத்துடையது என்பது இப்போதைக்கு வேண்டாம்.

வியாசை மின்வினைஞர் | இரவு 11:10

இது போனின் கோளாறு அல்ல, மின்னழுத்தத்தின் கோளாறு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கோடை இரவில் தெரு முழுவதும் ஏசி ஓடும் நேரத்தில், 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 190 வரை இறங்குவதை என் மீட்டரில் பார்த்திருக்கிறேன். அழுத்தம் குறைந்தால் அதே வேலைக்குக் கூடுதல் மின்னோட்டம் தேவைப்படும். கூடுதல் மின்னோட்டம் என்றால் கூடுதல் சூடு. உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் எந்த வகை? ஒரு ஸ்டெபிலைசரை வாங்கி வைத்துவிட்டு மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.

ராயபுரம் பொறியாளர் (மூத்த உறுப்பினர்) | இரவு 11:31

இந்தக் கேள்வி இங்கே பலமுறை கேட்கப்பட்டு, பலமுறை விடையும் சொல்லப்பட்டுவிட்டது. புதிதாக வருபவர்கள் கேட்பதற்கு முன்பு பழைய இழைகளைத் தேடிப் படிக்கும் பழக்கத்தை வளர்த்துக்கொள்வது நல்லது.

அடிப்படையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். 1831ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இந்தச் சார்ஜரின் உயிர். சார்ஜரில் இருக்கும் செம்புச் சுருளில் நொடிக்கு ஒரு லட்சம் தடவைக்கும் மேலாகத் திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் எழும் காந்தப்புலம், போனுக்குள் இருக்கும் இன்னொரு சுருளில் மின்சாரத்தைத் தூண்டுகிறது. இடையில் ஒவ்வொரு படியிலும் இழப்பு உண்டு. திறன் 75 விழுக்காடு என்று வைத்துக்கொண்டாலும், போனுக்குள் 10 வாட் சேர வேண்டுமானால் அடாப்டரிலிருந்து 13 வாட்டுக்கு மேல் எடுக்க வேண்டும். மிச்சமிருக்கும் 3 வாட்டும் சூடாகத்தான் வெளியேறும், அதிலும் ஒரு பங்கு போனின் முதுகிலேயே இறங்கும். ஆகவே விடை ஒன்றுதான்: வயரில் சார்ஜ் செய்யுங்கள். இயற்பியலோடு சண்டையிட்டு யாரும் வென்றதில்லை.

கொருக்குப்பேட்டை சர்வீஸ் | இரவு 11:48

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கில் தவறில்லை. ஆனால் இவர் காசிமேட்டிலிருந்து கேட்கிறார் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் போன்கள் என் மேசைக்கு வாரந்தவறாமல் வருகின்றன. சார்ஜ் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால், நடுநாக்கில் வரிசையாக இருக்க வேண்டிய தங்க நிறக் கம்பிகளில் இரண்டு மூன்று கறுத்துப் போயிருக்கும், ஓரத்தில் பச்சைக் களிம்பு பூத்திருக்கும். உப்புக்காற்றும் மீன்பெட்டியின் ஈரமும் பட்ட கையோடு செருகிச் செருகி எடுப்பதால் வருவது அது. துளையில் ஈரம் இருப்பதாக அறிவிப்புக் காட்டிப் போன் வயர் சார்ஜையே மறுத்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு வயர்லெஸ் ஆடம்பரம் அல்ல, வேறு வழியில்லாமல் வந்தது.

காசிமேட்டுத் தம்பிக்கு இரண்டு கேள்விகள். ஒன்று, சூடு எந்த இடத்தில் தொடங்குகிறது: முதுகின் நடுவிலா, மேலே கேமரா ஓரத்திலா, அல்லது சார்ஜரே சூடாகிறதா? இரண்டு, இந்தப் போனின் பின்பக்கத்தை எப்போதாவது எங்கேயாவது திறந்தார்களா? இரண்டாவது கேள்விக்குக் கட்டாயம் விடை வேண்டும்.

காசிமேட்டுக்காரன் | இரவு 11:57

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே என் நிலைமை. துளை போய்விட்டது, வயர் செருகினால் ஏறுவதில்லை. சார்ஜரில் 15 வாட் என்று போட்டிருக்கிறது. தடித்த ரப்பர் உறை போட்டிருக்கிறேன், உள்ளே வண்டியின் ஹேண்டில்பாரில் ஒட்டுவதற்காக ஒரு வட்டத் தகடு இருக்கிறது. மாடியில் ஷீட் போட்ட அறை. சூடு நடுவில்தான். பின்கண்ணாடி உடைந்ததால் பொங்கலுக்கு முன்பு ஒரு கடையில் மாற்றினேன்.

கொருக்குப்பேட்டை சர்வீஸ் | நள்ளிரவு 12:20

பாதி விடை கிடைத்துவிட்டது. அந்தத் தகட்டை இப்போதே எடுத்துவிடுங்கள். திசைமாறும் காந்தப்புலத்துக்குள் இரும்புத் தகடு நின்றால் அதற்குள்ளேயே சுழல் மின்னோட்டம் உண்டாகும். இண்டக்‌ஷன் அடுப்பில் பாத்திரம் சூடாவதும் அதே முறையில்தான். முறையாகத் தரச்சான்று பெற்ற சார்ஜர்கள், தாங்கள் அனுப்பிய ஆற்றலையும் போன் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் ஆற்றலையும் ஒப்பிட்டு, இடையில் உலோகம் இருப்பதை உணர்ந்து நிறுத்திக்கொள்ளும். ஆனால் மெல்லிய தகடு ஓரத்தில் இருந்தால் அந்தக் கணக்கில் சிக்காமல் போவதும் உண்டு. உறையைக் கழற்றித் தகடு ஒட்டியிருந்த இடத்தைப் பாருங்கள். பசை பழுப்பேறி இளகியிருந்தால் அதுவே சாட்சி.

அடுத்தது பின்கண்ணாடி. போனுக்குள் மின்சாரத்தைப் பெறும் சுருளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஃபெரைட் தகடு என்று கறுப்பாக ஒன்று இருக்கும். காந்தப்புலம் பேட்டரியின் உலோகத் தாள்களுக்குள் போகாமல் தடுத்துத் திருப்பிவிடுவது அதுதான். அப்பளம் போல நொறுங்கக்கூடிய பொருள் அது; கண்ணாடியை நெம்பி எடுக்கும்போது சுருள் சற்று மடங்கினாலே விரிசல் விட்டுவிடும். அதன்மேல், சூட்டை முதுகெங்கும் பரப்புவதற்காகப் பல போன்களில் மெல்லிய கிராஃபைட் தாளும் ஒட்டப்பட்டிருக்கும். அவசர வேலையில் அந்தத் தாள் பழைய கண்ணாடியோடேயே குப்பைக்குப் போய்விடுகிறது. அப்படிப் போனால் நடுவில் பிறக்கும் சூடு நடுவிலேயே தங்கும். திறந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஆனால் பார்க்க வேண்டிய இடம் இது.

வியாசை மின்வினைஞர் | நள்ளிரவு 12:26

தகடு ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் இரவில்தானே இந்தத் தொல்லை வருகிறது? மின்னழுத்தத்தை இன்னும் யாரும் அளந்து பார்க்கச் சொல்லவில்லை.

பெரம்பூர் ஆசிரியை | காலை 6:15

மின்வினைஞர் ஐயாவுக்கு மதிப்போடு ஒன்று சொல்கிறேன். போன் அடாப்டர்களில் பெரும்பாலானவற்றின் மேல் 100 முதல் 240 வோல்ட் வரை, 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று அச்சிடப்பட்டிருக்கும். 190 வோல்ட் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. உள்ளே வருவதை முதலில் நேர்மின்னோட்டமாக மாற்றி, வெளியே 5 அல்லது 9 வோல்ட்டாக நிலைப்படுத்தித்தான் அது அனுப்புகிறது. நீங்கள் சொல்வதுபோல மின்னோட்டம் கூடினாலும் அடாப்டர்தான் சற்றுச் சூடாகுமே தவிர, போனின் முதுகுக்கு அந்த வேறுபாடு தெரியாது. இரவில் மட்டும் தொல்லை வருவதற்குக் காரணம், இவர் இரவில் மட்டும் சார்ஜ் போடுகிறார் என்பதாகவும் இருக்கலாம்.

என் பார்வையில் பெரிய சிக்கல் அந்த ஷீட் அறை. போனைப் பயன்படுத்தும் இடத்தின் வெப்பநிலை 0 முதல் 35 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஆப்பிளும் சாம்சங்கும் வெளிப்படையாகவே சொல்கின்றன. பகல் முழுவதும் வெயில் குடித்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கத்திரி நாட்களில் நள்ளிரவு தாண்டியும் கீழே அனல் இறக்கிக்கொண்டுதான் இருக்கும். லித்தியம் பேட்டரிகளைப் பொதுவாக 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. எல்லையை நெருங்கும்போது போன் தானாகவே வேகத்தைக் குறைத்து, பிறகு நிறுத்திக்கொள்ளும். அறையே 34 பாகையில் இருந்தால், சார்ஜரின் சூட்டைத் தாங்குவதற்குப் போனிடம் மிச்சமிருப்பது பத்துப் பதினோரு பாகைதான்.

தண்டையார்பேட்டை அன்னம் | காலை 6:40

எங்கள் வீட்டில் ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து போனின் மேல் போட்டுவிடுவோம், உடனே ஆறிவிடும். சிலர் சிறிது நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து மறுபடியும் சார்ஜில் போடுகிறார்கள். அதையும் செய்து பார்க்கலாமே?

கொருக்குப்பேட்டை சர்வீஸ் | காலை 7:05

அக்கா, தயவுசெய்து இரண்டையும் செய்யாதீர்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த போன் நம் ஊர்க் காற்றைத் தொட்டவுடன் வெளியே மட்டுமல்லாமல் உள்ளேயும் வியர்க்கும். அந்த நீர்த்துளி போர்டில் இறங்கினால் செலவு சார்ஜரோடு நிற்காது. இவருடைய போனின் பின்கண்ணாடி ஏற்கெனவே ஒருமுறை மாற்றப்பட்டது, நீர்புகாப் பசை பழையபடி இருக்கும் என்று நம்ப முடியாது. மேசை விசிறியை அருகில் வைத்துக் காற்று முதுகின் மேல் படும்படி செய்தால் போதும். அதுவே பாதுகாப்பான குளிர்ச்சி.

ராயபுரம் பொறியாளர் (மூத்த உறுப்பினர்) | காலை 8:30

விசிறி, துணி, தகடு என்று கிளைகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள். வயர்லெஸ் சார்ஜ் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது என்ற வேரை யாரும் பார்க்கவில்லை. படித்தவர்கள் இதைப் புரிந்துகொண்டு துளையைச் சரிசெய்வதற்கு வழி சொல்ல வேண்டும்.

பெரம்பூர் ஆசிரியை | காலை 8:52

ஐயா, பேட்டரியை முதுமையாக்குவது சூடும், நிறைந்த நிலையிலேயே நெடுநேரம் கிடப்பதும்தான். மின்சாரம் சுருள் வழியாக வந்ததா வயர் வழியாக வந்ததா என்பதை பேட்டரி அறியாது. சூடு கட்டுப்பாட்டில் இருந்தால் வயர்லெஸ் கொடியது அல்ல, அதே அனல் அறையில் 60 வாட் வேகச் சார்ஜரைச் செருகினால் வயரும் நல்லது அல்ல. போன்களே இதை அறிந்துதான் நடந்துகொள்கின்றன. ஐபோன் சூடானால் 80 விழுக்காட்டுக்கு மேல் ஏறுவதை மென்பொருளே தடுத்துவைக்கும்.

ராயபுரம் பொறியாளர் (மூத்த உறுப்பினர்) | காலை 9:10

கொள்கையளவில் ஏற்கிறேன். நடைமுறையில் எத்தனை பேர் சூட்டைக் கட்டுப்படுத்துகிறார்கள்? சுருளும் சுருளும் சற்று விலகி அமர்ந்தாலே இழப்பு ஏறிவிடுகிறது. அதற்காகத்தான் 2020இல் ஐபோன் 12இல் காந்த வளையம் வந்தது, 2023இல் வெளியான ‘சீ2’ (Qi2) என்ற வயர்லெஸ் சார்ஜ் தரமுறையும் அதே காந்த முறையைத் தழுவியது. இவருடைய சார்ஜரில் காந்தம் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

பெரம்பூர் ஆசிரியை | காலை 9:34

இது நல்ல கேள்வி, நானே கேட்டிருக்க வேண்டியது. காந்தம் இல்லாத தட்டை வகைச் சார்ஜர் என்றால், தம்பி இப்படிச் செய்து பாருங்கள். உறையைக் கழற்றிவிட்டுப் போனைச் சார்ஜரின் நடுவில் வையுங்கள். கேமரா மேடு விளிம்பில் ஏறி முதுகைத் தூக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; இடைவெளி சில மில்லிமீட்டர் கூடினாலும் சூடு கூடும். பிறகு விரல் நகத்தின் அகலம் மேலும் கீழுமாக நகர்த்தி, எந்த இடத்தில் வைத்தால் சூடு மிகக் குறைவாக இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைச் சார்ஜரின் ஓரத்தில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். மெத்தையிலும் தலையணை ஓரத்திலும் வேண்டாம். தரை ஓட்டின் மீது நேராக வையுங்கள், அது சூட்டை வாங்கிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு முதன்மையாகப் படுவது இதுதான். 15 வாட்டை மறந்துவிட்டு, 5 வோல்ட் 2 ஆம்பியர் தரும் பழைய அடாப்டரில் அந்தச் சார்ஜரைச் செருகுங்கள். பெரும்பாலான சார்ஜர்கள் அதில் 5 வாட்டுக்கு இறங்கிவிடும். 4,500 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் சுமார் 17 வாட் மணி ஆற்றல் அடங்கும். 5 வாட்டில் தடையில்லாமல் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி நிறைந்துவிடும். கொதித்து, நின்று, ஆறி, மறுபடியும் கொதிக்கும் 15 வாட்டைவிட அது விரைவாகவே முடியும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். சார்ஜ் ஏறும் நேரத்தில் ஹாட்ஸ்பாட்டையும் அணைத்துவிடுங்கள்.

வியாசை மின்வினைஞர் | காலை 10:02

பழைய அடாப்டரைப் போடச் சொல்கிறீர்கள் என்றால் கடைசியில் அடாப்டரில்தான் விஷயம் இருக்கிறது என்று ஆகிறதே. நான் முதலிலிருந்து மின்சாரப் பக்கத்தைப் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

பெரம்பூர் ஆசிரியை | காலை 10:15

நீங்கள் சொன்னது சுவரிலிருந்து வரும் அழுத்தம், நான் சொல்வது போனுக்கு எத்தனை வாட் போகிறது என்பது. இரண்டும் வேறு, ஐயா.

காசிமேட்டுக்காரன் | மறுநாள் விடியற்காலை 2:41

தகட்டை எடுத்துவிட்டேன், பசை பழுப்பாகத்தான் இருந்தது. உறை இல்லாமல், பழைய அடாப்டரில், கீழ்வீட்டுத் தரையில் விசிறிக்கு நேராக வைத்தேன். நிற்கவே இல்லை, 86 காட்டுகிறது. நடுவில் கொஞ்சம் சூடு இன்னும் இருக்கிறது, ஆனால் பிடிக்க முடிகிறது. எல்லோருக்கும் நன்றி, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது.

கொருக்குப்பேட்டை சர்வீஸ் | காலை 7:20

மகிழ்ச்சி தம்பி. 5 வாட்டிலும் நடுவில் மட்டும் சூடு தங்குகிறது என்றால் அந்த ஃபெரைட் தகட்டைப் பார்த்தே ஆக வேண்டும். பின்கண்ணாடி மாற்றிய கடைக்கே கொண்டுபோய், சுருள் சமமாகப் படிந்திருக்கிறதா, கிராஃபைட் தாள் இருக்கிறதா என்று உங்கள் கண்முன் திறந்து காட்டச் சொல்லுங்கள். திறக்கும்போதே சார்ஜ் துளை இருக்கும் சிறு போர்டையும் மாற்றச் சொல்லிவிடுங்கள், பொறியாளர் ஐயா சொன்னதும் நடந்துவிடும். மூடும்போது புதிய பசை போட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

வியாசை மின்வினைஞர் | காலை 7:44

கீழ்வீட்டில் வைத்தேன் என்கிறீர்களே, மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் தனித்தனி மீட்டரா?