ஸ்லோ குக்கரில் இத்தாலிய எலுமிச்சைக் கோழி: சாற்றை எப்போது சேர்ப்பது?

முதற்பதிவு, சிக்காகோ புறநகரிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். இந்தக் குளிர்காலத்தில் எலுமிச்சை சேர்த்த இத்தாலிய பாணிக் கோழியை ஸ்லோ குக்கர் என்னும், மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பானையில் நான்கு முறை செய்திருக்கிறேன். முதல் முறை வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசந்தது. நான்காம் முறை, சிசிலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவரான எங்கள் பக்கத்து வீட்டு அம்மையார், தட்டில் மிஞ்சியிருந்த சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிட்டார். இத்தாலியர்கள் அப்படி வழித்து உண்பதை ஸ்கார்பெத்தா என்கிறார்கள். சமைத்தவருக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியதில்லை. முதல் முறைக்கும் நான்காம் முறைக்கும் இடையில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே உணவைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

முதல் முறை செய்தது இதுதான்: எலும்பில்லாத நெஞ்சுக்கறி, வட்டமாக அரிந்த இரண்டு எலுமிச்சம்பழங்கள், இரண்டு கோப்பை கோழிச்சாறு, உலர்ந்த ஓரிகானோ, பூண்டு ஆகிய எல்லாவற்றையும் காலை எட்டு மணிக்குப் பானையில் போட்டு, குறைந்த சூட்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் மூடியைத் திறந்தபோது எலுமிச்சையின் மணமே இல்லை. கறி நார்நாராகப் பிரிந்து, வாயில் பஞ்சைப் போல வறண்டிருந்தது. சாறோ தண்ணீராக நின்றது, அதில் நாக்கின் அடியில் தங்கும் ஒரு கசப்பும் இருந்தது.

அந்தக் கசப்பைச் சுவைத்தவுடன் எனக்கு அம்மாவின் நினைவு வந்தது. எலுமிச்சை ரசம் வைக்கும்போது அவர் பாத்திரத்தை இறக்கி வைத்து, கொதி அடங்கிய பிறகுதான் பழத்தைப் பிழிவார். கொதியில் பிழிந்தால் கைத்துப்போகும் என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். எலுமிச்சைச் சாதத்துக்கும் அவருக்கு அதே விதிதான். சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்த அந்த விதியை, புதிய பாத்திரமும் புதிய உணவும் கைக்கு வந்தவுடன் நான் முற்றிலும் மறந்துபோயிருந்தேன். எலுமிச்சையின் விதையிலும் மஞ்சள் தோலுக்கு அடியில் இருக்கும் வெண்பகுதியிலும் லிமோனின் என்னும் கசப்புப் பொருள் இருக்கிறது. அரிந்த வட்டங்களை எட்டு மணி நேரம் சூட்டில் ஊறவிட்டால் அந்தக் கசப்பு முழுவதும் சாற்றில் இறங்கிவிடுகிறது. மணம் தரும் பொருள்களோ எளிதில் ஆவியாகக் கூடியவை என்பதால் சூட்டில் நெடுநேரம் நிற்பதில்லை.

இந்தப் பானை எதற்காகப் பிறந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகு என் தவறு இன்னும் தெளிவாக விளங்கியது. இதை உருவாக்கிய இர்விங் நாக்ஸன் எங்கள் சிக்காகோவில் தொழில் நடத்தியவர். லித்துவேனியாவில் யூதக் குடும்பங்கள் சோலென்ட் என்னும் பயறும் இறைச்சியும் சேர்ந்த உணவை, வெள்ளிக்கிழமை மாலை ரொட்டிக்கடை அடுப்பின் தணிந்த சூட்டில் வைத்து மறுநாள் எடுத்து உண்ட கதையைத் தம் தாயிடம் கேட்டு, அதை மின்சாரத்தில் செய்ய முயன்றவர். 1940இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த ஆண்டு கிராக்-பாட் என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பயறும் கடினமான இறைச்சியும் இரவு முழுவதும் வெந்து குழைவதற்காகப் பிறந்த பாத்திரம் இது. எனவே அதில் நெடுநேரம் இருக்க வேண்டியவை எவை, கடைசியில் மட்டும் வர வேண்டியவை எவை என்று நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை எலும்புடன் கூடிய தொடைக்கறிக்கு மாறினேன். தொடையில் இருக்கும் இணைப்புத் திசு மெல்லிய சூட்டில் கரைந்து கூழ்மமாக மாறுவதால், ஐந்து ஆறு மணி நேரத்துக்குப் பிறகும் கறி மிருதுவாகவும் ஈரமாகவும் இருக்கிறது. நெஞ்சுக்கறியில் அப்படிக் கரைவதற்கு அதிகம் இல்லை. அது வெந்த பிறகு மேலும் மேலும் உலர்வது மட்டுமே நடக்கிறது. அந்த முறை அரிந்த வட்டங்களை விட்டுவிட்டு எலுமிச்சைச் சாற்றை மட்டும் தொடக்கத்திலேயே ஊற்றி, உருளைக்கிழங்கும் சேர்த்தேன். கறி நன்றாக வந்தது, ஆனால் ஏழு மணி நேரம் ஆகியும் கிழங்கின் நடுப்பகுதி நறுக்கென்றே இருந்தது. சாம்பாரில் காய் வேகும் முன் புளியைக் கரைத்து ஊற்றினால் காய் வேகாது என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காய்கறியின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது என்பதுதான் காரணம். எலுமிச்சையும் புளியைப் போலவே கிழங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

மூன்றாம் முறை சாறு நீர்த்துப் போனதைத் தவிர வேறு குறை இல்லை. நான்காம் முறை செய்தபடி எழுதுகிறேன். தோல் நீக்கிய எட்டுத் தொடைத் துண்டுகளில், ஏறத்தாழ 1.2 கிலோ, இரண்டு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி மிளகுத்தூளும் ஒன்றரைத் தேக்கரண்டி உலர்ந்த ஓரிகானோவும் தடவி, ஆலிவ் எண்ணெயில் இருபுறமும் பொன்னிறமாக வறுத்தேன். இந்தப் பானைக்குள் கறி சிவப்பதே இல்லை என்பதால், வறுத்த வாசனை வேண்டுமென்றால் அது வாணலியில்தான் கிடைக்க வேண்டும். அதே வாணலியில் அரைக் கோப்பை கோழிச்சாற்றை ஊற்றி, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, எல்லாவற்றையும் பானைக்கு மாற்றினேன். ஒரு வெங்காயம், தட்டிய எட்டுப் பல் பூண்டு, வெண்பகுதி ஒட்டாமல் சீவிய ஓர் எலுமிச்சையின் மஞ்சள் தோல் ஆகியவை மட்டும் உடன் சென்றன. குறைந்த சூட்டில் ஐந்து மணி நேரம் வெந்த பிறகு கறியைத் தனியே எடுத்து வைத்து, சாற்றை வடிகட்டி அடுப்பில் பாதியாகச் சுண்ட வைத்தேன். அடுப்பை அணைத்த பிறகு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயையும் மூன்று மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றையும் கலந்தேன்.

அரைக் கோப்பைக் கோழிச்சாறு போதுமா என்ற ஐயம் பலருக்கும் வரும். மூடியில் படியும் ஆவி மீண்டும் பானைக்குள்ளேயே விழுகிறது, கோழியும் தன் நீரை விடுகிறது. ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு என் பானையில் ஊற்றியதைப் போல மூன்று மடங்குக்கும் மேலாகச் சாறு இருந்தது.

மறுமொழி, பலெர்மோவிலிருந்து

வணக்கம் சகோதரி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சிசிலியில் நெடுங்காலமாக வாழ்கிறேன். அதில் பல ஆண்டுகளை இங்குள்ள குடும்பங்களின் குசினிகளில் சமையல் உதவியாளராகக் கழித்திருக்கிறேன். நான் வேலை செய்த வீடுகள் எதிலும் இந்த மின்சாரப் பானையைக் கண்டதில்லை. எலுமிச்சைக் கோழியை இவர்கள் அகன்ற சட்டியில் ஒரு மணி நேரத்துக்குள் செய்து முடித்துவிடுகிறார்கள். ஆனாலும் நீங்கள் கண்டுகொண்ட ஒழுங்கு இவர்களுடைய ஒழுங்குதான். இறைச்சியை வறுத்து, உள்ளி (பூண்டு) போட்டு, வெள்ளை ஒயின் ஊற்றிச் சுண்டவிட்டு வேகவைப்பார்கள். பழத்தைப் பிழிவது இறக்கும் நேரத்தில்தான்.

பழத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. நாங்கள் ஊரில் தேசிக்காய் என்று சொல்வது மெல்லிய தோலுள்ள சிறிய பழம். இங்குள்ளது வேறு இனம். தோல் தடித்தது, மணத்தில் பெரும்பகுதி தோலிலேயே இருக்கிறது. சிராகூசாப் பகுதியில் விளையும் ஃபெம்மினெல்லோ மரம் ஆண்டுக்குப் பல தடவை பூத்துக் காய்ப்பதால், ஒரே மரத்தின் பழத்துக்குப் பருவத்துக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வருவது ப்ரிமோஃபியோரே, வசந்தத்தில் பியாங்கெத்தோ, கோடையில் பச்சைத் தோலுடன் வருவது வெர்தெல்லோ. இதில் எதை வாங்கினாலும் முதலில் முகர்ந்து பார்ப்பதுதான் இங்குள்ள பெண்களின் வழக்கம். தோலை நகத்தால் மெல்லக் கீறினால் எழும் மணம்தான் தட்டிலும் வரும் என்பார்கள்.

தோலைச் சமையலில் சேர்ப்பதாக இருந்தால், மருந்து பூசாத பழம் என்று எழுதியிருப்பதைத்தான் நாங்கள் வாங்குவோம். உங்கள் பக்கத்துக் கடைகளில் மெழுகு பூசிய பழங்களே அதிகம் என்று உறவினர்கள் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் சுடுநீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகே சீவுங்கள்.

ஒயின் சேர்ப்பதாக இருந்தால் அதை வாணலியிலேயே கொதிக்கவிட்டு, காரமான வாடை போன பின்னர் பானைக்கு மாற்றுங்கள். மூடிய பானைக்குள் அந்த வாடை வெளியேற வழியில்லை. இன்னொன்றும் செய்து பாருங்கள். மிலான் பக்கத்தில் ஒஸ்ஸோபூகோ என்னும் கன்றுக்கால் உணவின் மேல் கிரெமொலாட்டா தூவுவார்கள். பொடியாக நறுக்கிய பார்ஸ்லி, துருவிய எலுமிச்சைத் தோல், மிக நுணுக்கமாக நறுக்கிய பச்சை உள்ளி ஆகிய மூன்றும்தான் அது. அது இந்தத் தீவின் பழக்கம் அல்ல என்றாலும், மணி நேரக் கணக்கில் வெந்து அடங்கிப்போன இறைச்சிக்கு அதைப் போல உயிர் கொடுப்பது வேறில்லை.

மறுமொழி, நியூ ஜெர்சியிலிருந்து

நானும் இதே உணவில் ஒரு முறை ஏமாந்தேன். குழம்பு கெட்டியாக வேண்டும் என்று எலுமிச்சைச் சாறும் பாலேடும் ஒன்றாகத் தொடக்கத்திலேயே சேர்த்தேன், மாலையில் பால் திரிந்து திப்பித் திப்பியாக மிதந்தது. இப்போது பாலேட்டைத் தவிர்த்துவிட்டு, கடைசி அரை மணி நேரத்தில் ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்து ஊற்றி, சூட்டைக் கூட்டிவிடுகிறேன்.

மறுமொழி, டொராண்டோவிலிருந்து

எல்லோரும் சுவையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் என் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன். இரவுப் பணி முடிந்து வந்த ஒரு காலையில், உறைபெட்டியிலிருந்து எடுத்த கோழித் தொடைகளைப் பனி உருகும் முன்பே பானையில் அடுக்கி, குறைந்த சூட்டில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். நான்கு மணி நேரம் கழித்து எழுந்து பார்த்தபோது சாறு வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது, துண்டுகளின் நடுப்பகுதி இன்னும் குளிர்ந்திருந்தது. மனம் வருந்தினாலும் முழுவதையும் கொட்டிவிட்டேன், குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதில் தயங்கக் கூடாது என்று இன்றும் நினைக்கிறேன்.

கிருமிகள் விரைவாகப் பெருகுவது 4 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில்தான். மெதுவாகச் சூடேறும் பானையில் உறைந்த இறைச்சியை வைத்தால், அந்த இடைவெளியில் அது நெடுநேரம் தங்கிவிடுகிறது. கோழியை முந்தைய இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். வெந்துவிட்டதா என்பதை நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், துண்டின் நடுவில் எலும்பைத் தொடாமல் வெப்பமானியைச் செருகி, 74 டிகிரி செல்சியஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மூடியை அடிக்கடி திறக்கவும் வேண்டாம். ஒரு முறை திறந்தால் இழந்த சூட்டை மீட்கச் சமையல் நேரத்தை மேலும் 20 நிமிடங்கள் வரை நீட்டிக்க வேண்டியிருக்கும்.

முதற்பதிவாளர் மீண்டும்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. டொராண்டோ சகோதரியின் பதிவைப் படித்த பிறகு என் பழக்கத்தில் ஒன்றை உடனே மாற்றினேன். நேரம் குறித்துத் தானாகத் தொடங்கும் பொத்தானை நம்பி, பச்சைக் கோழியைக் காலையில் பானையில் வைத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணியிருந்தேன். சமைக்காத இறைச்சி அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். வார நாளில் செய்வதாக இருந்தால், காலையிலேயே சமையலைத் தொடங்கிவிட்டு, ஐந்து மணி நேரம் முடிந்ததும் சூடு காக்கும் நிலைக்குப் பானை தானாக மாறும்படி வைக்கிறேன். தொடைக்கறி அதைத் தாங்குகிறது. நெஞ்சுக்கறிதான் வேண்டும் என்பவர்கள் வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் செய்து, இரண்டரை மணி நேரத்திலிருந்தே வெப்பமானியைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பலெர்மோ சகோதரர் சொன்னபடி ஐந்தாம் முறை செய்தேன். பழங்களைச் சுடுநீரில் தேய்த்துக் கழுவியபோது விரல்களில் மெழுகு வழுக்கியதை உணர முடிந்தது. ஒயினை வாணலியிலேயே சுண்டவிட்டேன். உருளைக்கிழங்கை இம்முறை பானையின் அடியில், சூடு நேராகப் படும் இடத்தில் அடுக்கி, அதன் மேல் கோழியை வைத்தேன். ஒயினிலும் புளிப்பு உண்டு என்பதால் சற்றுக் கவலை இருந்தது. ஆனால் சுண்டி எஞ்சியிருந்தது சில கரண்டிகளே. எலுமிச்சைச் சாறு கடைசி வரை உள்ளே செல்லாததால் கிழங்கு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. பரிமாறும் தட்டில் கிரெமொலாட்டாவைத் தூவியவுடன், சூடான கறியின் மேல் பட்டு எழுந்த எலுமிச்சை மணம் கூடம் வரை வந்தது. முதல் முறை மூடியைத் திறந்தபோது நான் தேடிக் கிடைக்காத மணம் அது.

பக்கத்து வீட்டு அம்மையார் இரண்டாம் தட்டு கேட்டு வாங்கி உண்டார். பச்சைப் பூண்டு மட்டும் தமக்குச் சற்றுக் கூடுதல் என்றும், அடுத்த முறை பாதியாகக் குறைத்துக் கேப்பர் என்னும் ஊறவைத்த பூமொட்டுகளைக் கொஞ்சம் சேர்க்கும்படியும் சொல்லிவிட்டுப் போனார். அன்று மிஞ்சிய எலும்புகளை நான் வீசவில்லை. அவற்றை அதே பானையில் ஒரு வெங்காயத்துடன் நீர் ஊற்றி இரவு முழுவதும் வைத்து வடித்தெடுத்த சாறு, அரைக் கோப்பை அளவுள்ள சிறு டப்பாக்களில் ஆறாக உறைபெட்டியில் இருக்கிறது.