பெத்தித் தேர் தீவுக்கு அம்மாவை அழைத்துப் போகலாமா?

பிப்ரவரியில் அம்மாவுடன் பத்து நாள் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப் போகிறேன். ஒரு நாளைச் சிறு தீவுக்கென ஒதுக்கியிருக்கிறேன். எந்தத் தீவு என்பதில்தான் வீட்டில் இழுபறி.

என் ஆசை பெத்தித் தேர். சென் பிரான்சுவா துறையிலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் படகுகள் இருக்கின்றன. ஆளில்லாத இரட்டைத் தீவு, 1998 முதல் இயற்கைக் காப்பகம். இறங்க அனுமதி தேர் தெ பா என்ற ஒன்றில் மட்டும். அங்கே 1840இல் கட்டிய கலங்கரை விளக்கம், நிழலில் படுத்துக் கிடக்கும் இகுவானா என்ற பெரிய பல்லிகள், ஆழமில்லாத நீரில் குட்டி எலுமிச்சைச் சுறாக்கள். (சுறா விஷயத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.)

சிக்கல் கடல்தான். போகும்போது காற்றை எதிர்த்துப் போக வேண்டும். அம்மாவுக்கு 67 வயது. போன வருடம் அரை மணி நேரப் படகுப் பயணத்தில் என் தோள்பையைப் பிடுங்கி அதற்குள்ளேயே வாந்தி எடுத்தார். திரும்பும் டிக்கெட்டும் அதற்குள்தான் இருந்தது.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள்: கட்டமரானில் (இரட்டை அடிப்பாகம் கொண்ட படகு) ஆட்டம் குறைவாக இருக்குமா, விரைவுப் படகில் சீக்கிரம் போய்ச் சேர்வது மேலா? படகு மணலை ஒட்டி நிற்குமா, இடுப்பளவு நீரில் இறங்கி நடக்க வேண்டுமா? அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு.

அம்மாவின் ஓட்டு கொசியே ஊருக்கு எதிரே இருக்கும் குட்டித் தீவுக்கு. படகில் ஏறிய சில நிமிடங்களில் இறங்கிவிடலாம். கரையில் நின்றாலே தெரிகிற தீவுக்கு முழு நாளா என்று எனக்கு மனம் ஒப்பவில்லை. அங்கே பொழுது போகுமா?

ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பதிவு செய்ய வேண்டும்.